பொருந்தாத ஜோடி, 20 நாள் ஷூட்டிங்: கடலூர் – புதுச்சேரியில் சின்ன பட்ஜெட் காதல் நகைச்சுவைப் படம் எடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தக் காசிலோ நண்பர்கள் போட்ட காசிலோ, 20 முதல் 25 பேர் கொண்ட யூனிட்டோடு, ஒன்றே முக்கால் மணி நேரப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கான பக்கம் இது. பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கற்பனை ஜோடியைக் கடைசிவரை கூட வைத்துக்கொள்வோம். அவள் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், வயது 41. அவன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறவன், வயது 33, ‘சொல்தா’ வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் நடுவே சுமார் 22 கிலோமீட்டர்.

பொருந்தாத ஜோடி என்றால் பொருந்தாமை எதில் இருக்க வேண்டும்?

உருவத்தில் வைக்காதீர்கள். குண்டு – ஒல்லி, கறுப்பு – சிவப்பு, நெட்டை – குட்டை எல்லாம் முதல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் எழுத ஒன்றும் இருக்காது, பார்க்கிறவருக்கும் கூச்சமாகிவிடும். வயது வித்தியாசமும் தனியாக நிற்காது. அது ஊர் வாயில் விழும்போதுதான் காட்சியாகும்.

கடிகாரத்தில் வையுங்கள். துறைமுக ஐஸ் கம்பெனிக்கு வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். படகு கிளம்புமுன் ஐஸ் ஏறியாக வேண்டும். அவள் இரவு 2 மணிக்கு எழுகிறாள். அவன் 2 மணிக்குப் படுக்கிறான். காலை 10 மணிக்கு அவளுக்குச் சாப்பாட்டு நேரம், அவனுக்கு முதல் காபி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பசியோடு இருப்பது ஒரு நாளில் எப்போது என்று தேட ஆரம்பித்தாலே மூன்று காட்சி கிடைக்கும்.

அடுத்தது காசு. அவள் கடன் நோட்டில் வாழ்கிறாள்: எந்தப் படகு எத்தனை பார் ஐஸ் எடுத்தது, எவ்வளவு பாக்கி. அவன் வீடு அப்பாவின் பிரெஞ்சு பென்ஷனில், யூரோவில் ஓடுகிறது. மூன்றாவது, யார் கண்ணில் படக்கூடாது என்பது. இந்த மூன்றையும் ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதி, ஒவ்வொரு காட்சியும் குறைந்தது ஒன்றையாவது தொடுகிறதா என்று பாருங்கள். காட்சியை அப்படியே பெயர்த்துக் கோயம்புத்தூரில் வைத்தாலும் நடக்கும் என்றால் அது தளர்ந்த காட்சி. திருப்பி எழுதுங்கள்.

இதில் செலவுக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. உருவக் கேலிக்குக் கூட்டமும் வேடமும் வேண்டும். கடிகாரச் சிக்கலுக்கு இரண்டு நடிகர், ஒரு டிபன் கேரியர், ஒரு போன் போதும்.

சொல்தா குடும்பத்தை எழுதும்போது என்னென்ன தப்பு வருகிறது?

நிறைய. ‘சொல்தா’ என்பது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் புதுச்சேரியில் குறிக்கிற சொல். அவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள். வேர் இரண்டு இடத்தில் இருக்கலாம். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’ வழியினர். மற்றவர்கள், 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்த பிறகு கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள். ஆட்சி கைமாறியது அதற்கு முன்பே, 1954 நவம்பர் 1. இரண்டு தேதியையும் குழப்பி வசனம் எழுதினால் புதுச்சேரி தியேட்டரில் சத்தம் கிளம்பும்.

வீட்டுப் பேச்சில் பிரெஞ்சைக் கொட்டக்கூடாது. சமையலறைக்குக் குசினி, பிரெஞ்சுப் பள்ளிக்கு லிசே, நகராட்சிக்கு மேரி, பத்திரம் எழுதித் தருகிறவருக்கு நொத்தேர் என்று நாலு சொல் தமிழோடு தமிழாகக் கலந்து வந்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் ‘பொங்ழூர்’ (வணக்கம்) சொல்கிற அப்பா பாத்திரம் சுற்றுலா விளம்பரத்துக்குத்தான் சரி.

பெரிய தப்பு ஒன்று உண்டு: வெள்ளிக்கிழமை தாலி, அடுத்த மாதம் பிரான்ஸ் பாஸ்போர்ட். பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டவர் குடியுரிமை கோரத் திருமணமாகி 4 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். சில நிலைமைகளில் 5. பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் காட்ட வேண்டும். முதுநகரில் தெருவே ‘அக்கா பாரீசுக்கு டிக்கெட் எடுத்துட்டா’ என்று பேச, அவளோ நாலு வருடம் இவனிடமே டியூஷன் படிக்க வேண்டியிருக்கிறது. உண்மை விதியே கற்பனையைவிட நல்ல நகைச்சுவை தருகிற இடம் இது. விட்டுவிடாதீர்கள்.

ஜூலை 14க்கு முந்தின இரவு விளக்கு ஊர்வலம், மறுநாள் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பதக்கம் அணிந்த முதியவர்களின் மரியாதை. அப்பா பாத்திரத்துக்கு ஆண்டில் முக்கியமான நாள் அதுதான். அன்று அவள் ஐஸ் வாடையோடு வந்து நின்றால் காட்சி தானாக எழுந்து நிற்கும்.

ரிஜிஸ்டர் மேரேஜ் காட்சியைச் சரியாக எழுதுவது எப்படி?

ஓடிவந்து மாலை மாற்றி அரை மணியில் கையெழுத்துப் போடுவது நம் ஜோடிக்கு நடக்காது. அவன் ரெனோன்சான் வழியினன் என்று வைத்துக்கொள்வோம். இந்து திருமணச் சட்டம் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1967 முதல் செல்லும் சுயமரியாதைத் திருமணமும் அந்தச் சட்டத்தின் 7ஏ பிரிவுதான். ஆகவே நேர்வழி, சிறப்புத் திருமணச் சட்டம், 1954.

அதன்படி இருவரில் ஒருவராவது 30 நாளுக்குக் குறையாமல் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவள் கடலூர்க்காரி என்பதால் கடலூரிலேயே கொடுக்கலாம். அந்த நோட்டீஸ் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படும். 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அது சட்டம் சொல்லும் காரணமாக இருக்க வேண்டும். ‘எனக்குப் பிடிக்கல’ என்பது காரணமல்ல. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அன்று 3 சாட்சி வேண்டும். அவன் பக்கம் பிரெஞ்சுத் தூதரகத்தில் அறிவிப்பு ஒட்டி, திருமணம் செய்யத் தகுதிச் சான்று வாங்க வேண்டும்; முடிந்த பிறகு அங்கே பதிவும் உண்டு.

திரைக்கதைக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது: ஒரு தாள், ஒரு சுவர், 30 நாள். இரண்டாம் பாதி முழுவதையும் இதன்மேல் கட்டலாம். மூன்றாவது சாட்சி யார் என்பதைக் கடைசிவரை திறந்தே வையுங்கள்.

எல்லை தாண்டும்போது படத்தில் எது மாறியாக வேண்டும்?

தொப்பி, நம்பர் பிளேட், மதுக்கடை. புதுச்சேரி போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பி. கடலூரில் அது கிடையாது. அவன் வண்டி பிஒய் 01, அவள் வண்டி டிஎன் 31. கடலூரில் மது விற்பது டாஸ்மாக். எல்லையிலுள்ள முள்ளோடை வந்தால் தனியார் கடைகள் வரிசை கட்டி நிற்கும். அங்கே வாங்கிய பாட்டிலோடு தமிழ்நாட்டுக்குள் வந்தால் வழக்கு. மாமனார் பையில் என்ன இருக்கிறது என்பது நகைச்சுவைக்கான கேள்வி மட்டுமல்ல.

பஸ் வரிசையையும் மாற்றி எழுதாதீர்கள். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை, பிறகு கடலூர். இரண்டு ஊருக்கும் நடுவே நேர் ரயில் பாதை இல்லை. ரயில் என்றால் விழுப்புரம் சுற்ற வேண்டும். ‘கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிற நாயகி’ இந்தக் கதையில் கடைசி பஸ்ஸைத்தான் பிடிக்க முடியும்.

எந்த மாதத்தில் ஷூட்டிங் வைப்பது?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை விட்டுவிட்டால் எடுத்துவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். 2011இல் தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே கரையேறியது டிசம்பர் 30 அன்று. ஆண்டுக் கடைசி வரை ஆபத்து உண்டு.

நம் கதைக்கு இன்னொரு நாட்காட்டியும் இருக்கிறது. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். கேமரா வைக்க இடம் இருக்கும், படகுக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும். ஆனால் ஏலமும் பரபரப்பும் அந்த அளவில் இருக்காது, ஐஸ் கம்பெனியும் மந்தமாகிவிடும். ஆகவே ஏலக் காட்சிகளை மார்ச்சுக்குள் எடுங்கள். ஜோடி சண்டை போட்டுப் பிரிந்திருக்கும் பகுதியை மட்டும் தடைக்காலத்தில் வைத்து எடுங்கள். வேலையில்லாமல் அவள் உட்கார்ந்திருப்பதற்கு வசனமே தேவைப்படாது. மே வெயிலில் 22 பேருக்கு 20 லிட்டர் கேன் ஐந்தாவது ஒரு நாளுக்கு வேண்டும்; குறைத்தால் மதியத்துக்கு மேல் யாராவது மயங்கி விழுவார்கள்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். கூட்டம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று நடிகர்களை நடுவே இறக்கினால் வசனம் ஒன்றுகூடத் தேறாது. தூரத்திலிருந்து 135 எம்எம் லென்ஸில், பேசாமல் தேடுகிற காட்சியாக வைத்தால் தேறும்.

கடற்கரையில் சூரிய அஸ்தமன ரொமான்ஸ் காட்சி எடுக்கலாமா?

முடியாது. இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும். வெளியூரில் எழுதிய திரைக்கதைகளில் தவறாமல் வரும் பிழை இது.

விடியல் வேண்டுமென்றால் ஜனவரியில் சுமார் 6.30, ஜூனில் 5.45க்குச் சற்று முன்பின். கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை என்பதால் சாமான்களை முந்தின நாளே பக்கத்துத் தெருவில் இறக்கி வைக்க வேண்டும். ஐந்து மணிக்கே நடைப்பயிற்சிக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள். அவர்களை விரட்டாதீர்கள், பின்னணியாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே சட்டைக்காரர் ஒரே திசையில் நாலு முறை நடக்கிறாரா என்று பார்க்க ஒரு உதவி இயக்குநரை நிறுத்துங்கள்.

மாலைக்கு மாற்று வழி இருக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து எழும். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்க, நிலாவும் முகமும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்குவது 15 நிமிடம்தான். பிறகு நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். நிலா தன் அகலத்தைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும், ஆகவே இரண்டு டேக்குக்கு நடுவே அது நகர்ந்திருக்கும். இருவரும் ஒன்றாகத் தெரியும் டூ ஷாட்டை முதலில் எடுங்கள், க்ளோஸ் அப்பை வேறு நாள் எடுத்துக்கொள்ளலாம். நம் ஜோடிக்கு இது கதையிலும் பொருந்தும்: அவளுக்குத் தூங்கப் போகும் நேரம், அவனுக்கு இன்னும் பாதி நாள் மிச்சம்.

ஒயிட் டவுனில் எடுக்கும்போது முகம் மஞ்சளாகத் தெரிகிறதே?

ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதியின் சுவர்தான் காரணம். கடுகு மஞ்சள் சுவரில் பட்ட வெயில் அப்படியே கன்னத்தில் ஏறும். கேமராவின் நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றினால் பின்னணி நீலமாகிவிடும், முகம் தப்பாது. நடிகரைச் சுவரிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் 4க்கு 4 அடி வெள்ளைத் தெர்மாகோல் ஒன்று பிடியுங்கள். சுவர்ப் பக்கம் கறுப்புத் துணி கட்டினால் இன்னும் சுத்தமாகும்.

தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் வெயிலைக் கணக்குப் போட்டே பிடிக்கலாம். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் காலை வெயில் கடல் பக்கமிருந்து நேரே நுழையும். வடக்கு தெற்காக ஓடுவதில் காலையும் மாலையும் ஒரு பக்கம் நிழல். திங்கள் முதல் வியாழன் வரை வையுங்கள். வார இறுதியில் சுற்றுலாக்காரர் போனையெல்லாம் மறைக்க முடியாது.

எங்கள் கருத்து ஒன்று: இந்தப் படத்தின் பாதியை ஒயிட் டவுனில் எடுக்காதீர்கள். அவன் முத்தியால்பேட்டைக்காரன். வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் தூண் வராந்தாவும் உள்ள தமிழ்த் தெருக்களில் வாடகையும் குறைவு, கண்ணுக்கும் அலுக்காது.

அனுமதி எங்கெங்கே?

புதுச்சேரியும் தமிழ்நாடும் வேறு வேறு அரசு. ஒன்றில் வாங்கிய கடிதம் மற்றதில் செல்லாது. ஆரோவில் புதுச்சேரிக்குள் இருப்பதுபோலத் தோன்றினாலும் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். அதன் நிர்வாகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். ஆசிரமக் கட்டடங்களில் கேட்காமல் கேமரா எடுக்கவே கூடாது. ரயில் நிலையம் தெற்கு ரயில்வே, பிச்சாவரம் வனத்துறை. விண்ணப்பத்தில் காட்சிச் சுருக்கம், ஆள் எண்ணிக்கை, வண்டி எண்ணிக்கை, நாள், நேரம் ஐந்தும் இருக்கட்டும். ஜெனரேட்டர் உண்டா இல்லையா என்பதையும் எழுதிவிடுங்கள். தகராறு பெரும்பாலும் அதன் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும்.

ட்ரோன் விஷயத்தில் அசட்டை வேண்டாம். 2021 ட்ரோன் விதிப்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பச்சை மண்டலம் (முன் அனுமதியில்லாமல் பறக்கவிடும் பகுதி) கிடையாது. லாஸ்பேட்டை விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடம் பார்த்து, அனுமதி வாங்கிய பிறகே பறக்க விடுங்கள். உண்மையில் இந்தக் கதைக்கு ட்ரோன் ஷாட் எதற்கு என்று ஒருமுறை யோசித்தும் பாருங்கள்.

நாய் ஒன்றைச் சேர்க்கும் ஆசை எல்லா நகைச்சுவைக் கதையிலும் வரும். விலங்கு எதுவானாலும் படப்பிடிப்புக்கு முன்பே இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். எடுத்து முடித்தபின் தடையில்லாச் சான்று. தெருநாய் தானாகச் சட்டகத்துக்குள் வந்தாலும் சென்சாரில் கேள்வி வரலாம். மீன் ஏலக் காட்சிக்கு மீன் வாங்கிய ரசீதைக் கோப்பில் வைத்திருங்கள்.

சிங்க் சவுண்டா, டப்பிங்கா?

இந்த வகைப் படத்துக்கு சிங்க் சவுண்ட், அதாவது நடிக்கும்போதே வசனத்தைப் பதிவது. மூச்சு திணறலும், வாய்க்குள் முணுமுணுப்பதும், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவதும்தான் இதில் நகைச்சுவை. டப்பிங் தியேட்டரில் அவை திரும்பக் கிடைப்பதில்லை. ஆனால் கடலோர ஊரில் அதற்கு விலை உண்டு.

கடற்கரைச் சாலையில் அலை கருங்கல்லில் மோதும் சத்தம் ஒரே சீராக இருக்காது. அவன் குளோசப்பில் ஒரு அலை, அவள் குளோசப்பில் வேறு அலை என்று வெட்டும்போது சத்தம் குதிக்கும். ஒவ்வொரு கேமரா நிலைக்கும் இரண்டு நிமிட அட்மாஸ் (வசனமில்லாத சுற்றுப்புறச் சத்தம்) தனியாக எடுங்கள். வீட்டுக்குள் 30 விநாடி போதும். கோலில் கட்டிப் பிடிக்கும் பூம் மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் கடற்கரைக்குப் போகவே வேண்டாம். கோடையில் மதியம் கடற்காற்று திரும்பியதும் வசனம் முழுக்க ‘புஸ்’ஸென்று ஆகிவிடும்.

அவள் கஞ்சி போட்ட காட்டன் சேலை உடுத்தினால் உடையில் குத்தும் லேப்பல் மைக்கில் சரசரப்புதான் கேட்கும். சேலையை இரண்டு முறை கஞ்சியில்லாமல் துவைத்துவிட்டு, மைக்கை ரவிக்கையின் உள்மடிப்பில், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் அசையாமல் பொருத்துங்கள். ஐஸ் கம்பெனிக்குள் கம்ப்ரஸர் ஓடும், அதை நிறுத்தச் சொல்ல முடியாது. அங்கே காட்சியை வசனமில்லாமல் எழுதுங்கள், அல்லது இருவரும் கத்திப் பேசுவதையே நகைச்சுவையாக்குங்கள்.

கடைசியாக, அதிகம் பேர் மாட்டிக்கொள்வது டீக்கடைப் பாட்டில். பின்னால் எப்.எம்.மில் பாட்டு ஓட வசனம் பதிவானால் அந்த டிராக் வீண். பாட்டின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை இரண்டும் தனித்தனி. இரண்டும் இல்லாமல் வெளியிட முடியாது, வசனத்திலிருந்து பாட்டைச் சுத்தமாகப் பிரிப்பதும் எளிதல்ல. ரேடியோவை அணைக்கச் சொல்லி, கடைக்காரருக்கு அந்த ஒரு மணி நேர வியாபாரத்தைக் கொடுத்துவிடுங்கள். கோயில் ஒலிபெருக்கிக்கும் இதே விதி. விழா நாள்களை முன்பே விசாரித்து அட்டவணை போடுங்கள்.

ஜோடிப் பொருத்தத்தை ஆடிஷனில் எப்படிச் சோதிப்பது?

வசனம் கொடுத்துச் சோதிக்காதீர்கள். நல்ல நடிகர் இருவர் சேர்ந்தால் எந்த வசனமும் பேசிவிடுவார்கள். ஒரு வேலை கொடுங்கள். ஈரச் சேலையை இரண்டு பேரும் பிடித்துப் பிழிந்து மடிக்கட்டும், ஐந்து நிமிடம், பேச்சே இல்லாமல். யார் வேகத்துக்கு யார் இறங்கி வருகிறார், கை நழுவினால் முதலில் யார் சிரிக்கிறார் என்று கேமரா காட்டிவிடும். இன்னொன்று, இருவர் முன்னும் ஒரு கிலோ நெத்திலியை வைத்துச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தரும் தொனியில் படத்தின் பாதி இருக்கிறது.

பிறகு 7 நாள் ஒத்திகை. அதில் மூன்று நாள் உண்மையான இடத்தில். அவளாக நடிப்பவர் ஒரு விடியற்காலையாவது துறைமுகத்தில் நின்று பார்க்க வேண்டும். கணக்கு நோட்டை எப்படிப் பிடிக்கிறார்கள், பேனாவை எங்கே செருகுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். தொட்டு நடிக்கும் காட்சிகளை இருவர் முன்னிலையிலும் பேசி, எது உண்டு எது இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

20 நாளில் எப்படி முடிப்பது?

75 காட்சி என்று வைத்தால் நாளுக்குச் சராசரி நாலு. ஆனால் நாள்கள் சமமில்லை. வீட்டுக்குள் ஐந்து ஆறு காட்சி ஓடும். தெருவில் மூன்று. பஸ்ஸில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வீட்டுக் காட்சிகளை முதல் வாரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். எல்லாவற்றையும் முடித்துவிடாதீர்கள், மழைக்கும் தகராறுக்கும் ஒதுங்க இரண்டு நாள் வேலையை மிச்சம் வையுங்கள்.

இரண்டு ஊருக்கும் நடுவே யூனிட்டைத் தினமும் அலைய விடாதீர்கள். ஏற்றி இறக்கிப் போக மூன்று மணி நேரம் போய்விடும். முதல் 8 நாள் கடலூர், அடுத்த 10 நாள் புதுச்சேரி, கடைசி 2 நாள் எல்லைச் சாலையும் விடுபட்டவையும்.

ஓடுகிற பஸ்ஸில் வசனம் பிடிப்பது பணத்தையும் நாளையும் தின்னும். இரவுக் காட்சியாக்கி, நிற்கிற பஸ்ஸில் எடுங்கள்: 85 எம்எம் லென்ஸ், ஜன்னலுக்கு வெளியே மங்கலாகத் தெரியும்படி இரண்டு பேர் சிறு விளக்குகளை ஒரே வேகத்தில் பின்னோக்கிக் கொண்டு போகட்டும், ஒருவர் பின் பம்பரில் நெம்புகோல் கட்டையால் லேசாக ஆட்டட்டும். கம்பியில் தொங்கும் கை அசைய வேண்டும், அது அசையாவிட்டால் ஏமாற்று வெளியே தெரிந்துவிடும்.

கேமரா, டேட்டா: எவ்வளவு இடம் வேண்டும்?

நொடிக்கு 24 பிரேமில் எடுத்தால் ஷட்டரை 172.8 டிகிரியில் (நொடியில் 50இல் ஒரு பங்கு) வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 180 டிகிரியில் டியூப் லைட் காட்சி சிமிட்டும். மலிவு எல்இடி பல்பு எப்படி வைத்தாலும் சிமிட்டலாம், அதனால் லொகேஷன் பல்புகளை நீங்களே வாங்கி மாற்றுங்கள்.

யுஎச்டி (4கே) அளவில், புரோரெஸ் 422 எச்கியூ என்கிற உயர்தர வீடியோ வடிவம் மணிக்குச் சுமார் 318 ஜிபி. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் 640 ஜிபி, 20 நாளுக்கு 12 டெராபைட்டுக்கும் மேல். அதை மூன்று பிரதி. சாதாரண 422 எடுத்தால் மணிக்கு 212 ஜிபி. இந்த வகைப் படத்துக்கு அதுவே தாராளம். நொடிக்கு 250 எம்பி வேகத்தில் 640 ஜிபி நகர 43 நிமிடம், சரிபார்ப்போடு ஒன்றரை மணி. அது முடியாமல் கார்டை அழிக்கக்கூடாது. மூன்று பிரதியும் ஒரே வேனில் போகவும் கூடாது.

ஏசி அறையிலிருந்து லென்ஸை நேரே கடற்கரைக்குக் கொண்டு போனால் கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே 45 நிமிடம் வெளியே வைத்துப் பிறகு திறங்கள். டிரைபாடு கால்களை அன்றன்றே நல்ல தண்ணீரில் துடையுங்கள். மணலும் உப்பும் ஏறினால் மூன்றாம் நாள் பூட்டு திரும்பாது.

நகைச்சுவை எடிட்டிங்கில் ஏன் செத்துப்போகிறது?

பெரும்பாலும் ஷாட் இல்லாததால். பேசுகிறவரை எடுத்துவிட்டு, கேட்கிறவரை எடுக்காமல் வந்திருப்பார்கள். சிரிப்பு கேட்கிறவர் முகத்தில்தான் விழும். ஒவ்வொரு காட்சியிலும் இருவர் முழு உருவமும் தெரியும் மாஸ்டர் ஒன்று, முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் எடுங்கள். வசனம் முடிந்து ஐந்து விநாடி கழித்தே ‘கட்’ சொல்லுங்கள். நடிகர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கும் அந்த ஐந்து விநாடி எடிட்டருக்குப் புதையல். பின்னணி இசையை முதல் எடிட்டில் போடவே வேண்டாம். இசையில்லாமல் சிரிப்பு வராத இடத்தில் இசையும் கை கொடுக்காது.

சென்சார், வெளியீடு?

தமிழ்ப் படத்துக்குச் சென்னை மண்டல அலுவலகம், விண்ணப்பம் இணையத்தில். 2024 முதல் யுஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. அவன் சிகரெட் பிடித்தால் படத் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி விழிப்புணர்வுக் காட்சி, 20 விநாடி எச்சரிக்கை, புகைக்கும் நேரமெல்லாம் கீழே எழுத்து. ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவா என்றால், கையில் பன்னைக் கொடுங்கள். பாண்டிச்சேரிக்காரனுக்கு அதுவும் பொருந்தும்.

தியேட்டருக்கு டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி): அகலத் திரையான ஸ்கோப் என்றால் 2048க்கு 858 பிக்சல், அகலம் குறைந்த பிளாட் என்றால் 1998க்கு 1080, இரண்டும் 24 பிரேம். 25இல் எடுத்துவிட்டு மாற்றினால் படம் நீளும், குரல் கனக்கும். ஆகவே முதல் நாளே முடிவு செய்யுங்கள். விழாக்களுக்கு அனுப்புமுன் யூடியூபில் ஏற்றாதீர்கள், பல விழாக்கள் முதல் திரையிடலைக் கேட்கும். புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் திரைப்பட விருது தருகிறது. நாடகத் தமிழின் அந்த ஆசான் 1922இல் காலமானது புதுச்சேரியில்தான்.

பிரெஞ்சு வசனத்துக்குத் தமிழ் எழுத்துத் துணைவரி போடுவதா என்று கேட்பவர்களுக்கு: அவளுக்குப் புரியாத இடத்தில் போடாதீர்கள். அவள் படிக்கப் படிக்க, இரண்டாம் பாதியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பியுங்கள்.